புதுவாயலிலிருந்து நீ அனுப்பிய முதல் ஆள்

இன்று காலை மஞ்சள் வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்து, நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ஆடி மாதம். மேசையில் படுத்திருந்த பெரியவரின் வலது மணிக்கட்டில் காப்பு. மஞ்சள் நூலில் கட்டிய மஞ்சள் கிழங்கு வியர்வையில் ஊறிப்போயிருந்தது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண் கத்தரிக்கோலை எடுத்தாள். "ஏய், அது மேல கைய வை பாக்கலாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் கத்தரிக்கோலைத் தட்டிலேயே போட்டுவிட்டாள். அப்புறம் அந்தக் கையைச் சுத்தமான துணியால் சுற்றி வைத்துவிட்டு, இடது கை ரத்தக் குழாய் வழியாகப் போய் வேலையை முடித்தேன். பெரியவர் நன்றாக இருக்கிறார். டீ குடிக்கும்போது அந்தப் பெண் பயந்துகொண்டே கேட்டாள். "ஒரு கயித்துக்கு ஏன் மேடம் அவ்ளோ கோவம்?"

அவளுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். முழுக்கச் சொல்ல வேண்டுமென்றால் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் கேள். நீ இருந்தவரை எந்தக் கதையையும் என்னை முழுசாகச் சொல்லவிட்டதில்லை. பாதியில் பிடுங்கி, நீயே முடித்து, கைதட்டலையும் நீயே வாங்கிக்கொள்வாய். இப்போது முடியாதல்லவா, பேசாமல் கேள்.

நாம் மருத்துவக் கல்லூரியில் ஒரே விடுதி அறை. நான் புதுவாயலுக்குப் பக்கத்து ஆரணியில் நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண், நீ பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண். உங்கள் வீட்டிலிருந்து பெருநாளைக்கு வரும் பிரியாணியும் எங்கள் வீட்டிலிருந்து வரும் அதிரசமும் ஒரே பெட்டியில்தான் இருக்கும், ஒரே இரவில் காலியாகும். படிப்பு முடிந்ததும் வழி பிரிந்தது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் இதய மருத்துவராகி, வடசென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தொடையிலோ மணிக்கட்டிலோ துளை போட்டு, மெல்லிய கம்பியை இதயம்வரை செலுத்தி, அடைத்துக்கொண்ட ரத்தக் குழாயைப் பலூனால் விரித்து ஸ்டென்ட் வைக்கிற வேலை. பெண்கள் அதிகம் வராத வேலை, அதனாலேயே எனக்குப் பிடித்த வேலை. நீயோ மேற்படிப்பே வேண்டாமென்று புதுவாயல் கூட்டுரோட்டில் கிளினிக் போட்டாய். ஒரு பக்கம் டயர் கடை, இன்னொரு பக்கம் ஜெராக்ஸ் கடை, எதிரே சோடாக் கடை. வெளியே எப்போதும் கம்பெனிச் சீருடையில் ஒரு வரிசை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வரும்போது உன் கிளினிக்கில் இறங்குவேன். உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிடுவாய்.

"இன்னா பிளம்பரம்மா, இந்த வாரம் பைப்பெல்லாம் நல்லா ஓடிச்சா?"

"போடி, இருமலுக்கு மருந்து குடுக்கறவ."

இப்படிப் பேசித் திரிந்த நான், ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் தலைமை மருத்துவர் எல்லார் முன்னாலும் ஒன்று சொல்லியிருந்தார். கும்மிடிப்பூண்டி ஆலையில் வேலை செய்த ஒருவரை, நெஞ்சு வலி ஆரம்பித்து அரை நாள் கழித்துக் கொண்டுவந்தார்கள். இதயத் தசை செத்துப்போன பிறகு குழாயைத் திறந்து என்ன பயன்? அந்த ஆள் பிழைக்கவில்லை. "அந்தப் பக்கத்து ஆளுங்க எப்பவும் லேட்டுதாம்மா. அது மாறாது. நீ ஸ்டென்ட்டப் பத்தி ரிசர்ச் பண்ணு, பேராவது வரும்" என்றார். அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம்? என் பக்கம். எங்கள் அப்பா, சித்தப்பா, உங்கள் அண்ணன்கள், எல்லாரும் இருக்கிற பக்கம். உன் மேசையைக் குத்திக்கொண்டு கத்தினேன். நீ காது குடைந்தபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாய்:

"செத்தப்புறம் வந்தவங்கள வெச்சிக்கினு இன்னாடி ரிசர்ச்சு? அவங்க உங்கிட்ட வர்றதுக்கு முன்னாடி எங்க போறாங்கன்னு தெரியுமா உனுக்கு?"

தெரியாது. யாரும் கேட்டதில்லை. தூரம், வண்டி வசதியில்லை என்று நாங்களே ஒரு பதில் வைத்திருந்தோம். அன்று ஆரம்பித்ததுதான் நம் ஆராய்ச்சி. பெரிய கருவி எதுவுமில்லை, ஒரே கேள்வி. என்னிடம் வார்டில் படுத்திருக்கிறவரிடம் நானும், உன்னிடம் வருகிறவரின் வீட்டாரிடம் நீயும் கேட்டோம்: "வலி வந்ததும் முதல்ல எங்க போனீங்க?"

பதிலைக் கேட்டு நான் தலையில் கைவைத்தேன். சோடாக் கடைக்கு! நெஞ்சைப் பிடிக்கும், வியர்க்கும், "வாய்வு" என்று முடிவு கட்டிவிட்டு நேரே சோடாக் கடைக்குப் போய், இஞ்சிச் சாறு கலந்து ஒரு சோடா. ஏப்பம் வந்தால் சரியாகிவிட்டது என்று திரும்ப ஷிஃப்டுக்குப் போய்விடுவார்கள். வராவிட்டால் இன்னொரு சோடா. மாரடைப்புக்கும் ஏப்பத்துக்கும் நடுவில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ. நான் அந்தக் கடைகளையெல்லாம் மூடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும் என்று குதித்தேன். நீ எழுந்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, சாலையைக் கடந்து சோடாக் கடைக்காரரிடம் போனாய்.

"அண்ணே, நெஞ்சப் புட்ச்சிக்கினு, வேர்த்துக்கினு எவன் வந்து சோடா கேட்டாலும் குடுக்காத. என்கிட்ட இட்டுக்கினு வா. வரமாட்டேன்னா சட்டையப் புடிச்சி இட்டா."

"ஏம்மா, என் யாவாரத்துல மண்ணா?"

"அவன் பொழச்சா இன்னும் எத்தினி வருசம் உங்கிட்ட சோடா குடிப்பான், யோசன பண்ணு."

அவர் சிரித்துவிட்டார். நம் ஏற்பாடு இதுதான்: சோடாக் கடையிலிருந்து உன் கிளினிக், அங்கே உடனே ஈசிஜி, அதைப் பக்கத்து ஜெராக்ஸ் கடையிலிருந்து எனக்கு ஃபேக்ஸ். மாரடைப்பு என்று நான் சொன்னதும் ஆளை நேரே, ஸ்டென்ட் வைக்கிற எங்கள் கேத் லேபுக்கு அனுப்ப வேண்டும், வழியில் எங்கேயும் நிற்கக் கூடாது. வந்து சேரும்போது மேசை தயாராக இருக்கும்.

தலைமை மருத்துவர் இதைக் கேட்டுச் சிரித்தார். ரோட்டோரக் கிளினிக்கிலிருந்து வருகிற ஒரு போனை நம்பி மேசையைக் காலியாக வைப்பதா, டாக்டர்களை நிறுத்தி வைப்பதா? கடைசியில், "ஒரே ஒரு ஆளக் கொண்டுவந்து காட்டு. டயத்துக்கு வந்தா பாக்கலாம். வரலைன்னா இந்தப் பேச்ச இத்தோட வுட்டுடணும்" என்றார். சரி என்றேன். உனக்கு வந்து சொன்னதும், "ஒரே ஆளா? கஞ்சப் பிசினாறி" என்று அவரைத் திட்டினாய்.

அந்த ஒரே ஆள்தான் ஏழுமலை. இரும்பு உருக்கும் கம்பெனியில் உலை வேலை. உன் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கிற ஊர்தான். ஆடித் திருவிழா, தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தார். காலையில் கோயில் வேலை செய்துகொண்டிருந்தவருக்கு நெஞ்சைப் பிடித்திருக்கிறது. வழக்கம்போல் சோடாக் கடை. கடைக்காரர் சொன்னபடி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உன்முன் நிறுத்தினார். எனக்குப் போன் வந்தது.

"மாட்டிச்சிடி ஒண்ணு. ஃபேக்ஸ் பாரு. ஆஸ்பிரின் எல்லாம் குடுத்துட்டேன்."

அந்த ஃபேக்ஸ் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நீள ஈசிஜி காகிதம் இயந்திரத்தில் சிக்கிக்கொள்ளும் என்று துண்டு துண்டாக வெட்டி, வெள்ளைத்தாளில் பசைபோட்டு ஒட்டி அனுப்பியிருந்தாய், கோணல்மாணலாக. ஆனால் ஒரு துண்டுகூட இடம் மாறவில்லை. இதயத்தின் கீழ்ப்பக்கம் முழுக்க அடிவாங்கிக்கொண்டிருந்தது. தலைமை மருத்துவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மாரடைப்புதான். ஆனா வருவானா?" என்றார். நான் மேசையைத் தயார்செய்யச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

அங்கே நடந்ததை நீ பிறகு நடித்துக் காட்டியதை வைத்துச் சொல்கிறேன். வண்டி வந்து நிற்கிறது, ஏழுமலை ஏறமாட்டேன் என்கிறார்.

"எல்ல தாண்டக் கூடாதும்மா. காப்பு கட்டிக்கீறேன். தாண்டுனா ஊருக்கே ஆவாது. ஒரு வாய்வு ஊசி போட்டு வுடு, போதும்."

அவர் மனைவி கன்னியம்மா காலில் விழாத குறையாக அழுகிறாள். காப்புக் கட்டியவர் தீமிதி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. உன் கிளினிக்கும் சோடாக் கடையும் எல்லைக்குள் கணக்கு, அதற்கு அப்பால் கல்கத்தா ரோடு. எனக்கும் உனக்கும் எல்லாம் தெரியும் என்று திட்டம் போட்டோமே, சோடாவை யோசித்தோம், காப்பை யோசிக்கவில்லை. எங்கள் ஊரிலும் வருசா வருசம் கட்டுகிற காப்புதான், என் சித்தப்பாவே கட்டிக்கொள்வார், எனக்குத் தோன்றவில்லையே.

வேறு யாராக இருந்தாலும் இரண்டு அதட்டல் போட்டுவிட்டு விட்டிருப்பார்கள். நீ செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அம்மன் கோயிலுக்கு ஓடினாய். பந்தலில் இருந்தவர்கள் எல்லாம் முக்காடு போட்ட டாக்டரம்மா வெயிலில் ஓடிவருவதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார்களாம். பூசாரி உன்னிடம் சர்க்கரைக்கு மருந்து வாங்குகிறவர். அவரைப் பார்த்துக் கத்தினாய்:

"பூசாரியாரே, ஏழுமலைக்கு ஹார்ட் அட்டாக்கு. மெட்ராசுக்குப் போவணும், இப்பவே. காப்ப அவுத்து வுடுங்க."

"அதெப்டிம்மா, தீ மிதிச்சித்தான் அவுக்கணும்."

"சரி. ஊட்லயே கெடக்கட்டும், சாவட்டும். காப்பு கட்டின ஆளு திருவிழா நடுவுல செத்தா ஊருக்குத் தீட்டு இல்லியா? தீமிதி நின்னு போவாதா? அப்ப அம்மாகிட்ட நீங்க இன்னா சொல்லுவீங்க?"

பூசாரி சட்டென்று கருவறைக்குள் போய் நின்றார். வெளியே வரும்போது கையில் குங்குமமும் வேப்பிலையும் இருந்தன.

"காப்ப அவுக்க வாணாம்மா. அம்மா காப்பு கையில கீற வரைக்கும் அவன் எங்க போனாலும் அவ எல்லைக்குள்ளதான் கீறான். நானே வந்து சொல்றேன். ஆனா ஒண்ணு, காப்பு அறுபடக் கூடாது. அறுந்துதுன்னா ஊரு என்னியும் சும்மா வுடாது, உன்னியும் சும்மா வுடாது."

அவரே வந்து நெற்றியில் குங்குமம் வைத்து, "ஏறுடா ஏழுமல, ஆத்தா கூட வரா" என்றதும் ஏழுமலை மறுபேச்சில்லாமல் வண்டியில் ஏறினார். வண்டி நகர்ந்ததும் எனக்கு இரண்டாவது போன்.

"அடியே, கேட்டுக்கோ. வலது கையில காப்பு கீது. வெட்டாத. வெட்டுன, அந்த ஊர்லருந்து இனிமே ஒருத்தன் உங்கிட்ட வர மாட்டான், நானும் கடைய மூடிக்கினு ஊட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

"கிருமி கிருமின்னு நாங்க இங்க கையத் தேச்சித் தேச்சிக் கழுவறோம், நீ மஞ்சக் கெழங்கோட அனுப்பறியா?"

"வாக்கு குடுத்துட்டேன்டி" என்று வைத்துவிட்டாய்.

செங்குன்றத்தில் லாரி நெரிசல் இல்லாமல் வண்டி வந்து சேர்ந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, உன் அல்லாவுக்கும் எங்கள் ஆத்தாவுக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன். ஏழுமலை வந்தார். மஞ்சள் வேட்டி, காதோரம் வேப்பிலை, சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நர்ஸ் கத்தரிக்கோலை எடுத்தார், வேண்டாம் என்றேன். தலைமை மருத்துவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கால் வழியாப் போயேன்" என்றார். நீ கொடுத்த மாத்திரைகளில் ரத்தம் நீர்த்திருக்கிறது, தொடையில் துளை போட்டால் கசியும், கை வழிதான் நல்லது என்று எனக்குப் பட்டது. அந்தக் காலத்தில் கை வழி போகிறவர்களே குறைவு. அதிலும் இடது கை என்றால் நோயாளியின் வயிற்றுக்கு மேலே குனிந்துதான் வேலை செய்ய வேண்டும். ஏழுமலைக்குத் தொப்பை வேறு, நானோ குள்ளம். ஒரு பலகையைக் கொண்டுவந்து போடச் சொல்லி ஏறி நின்றேன்.

வலது பக்க ரத்தக் குழாய் முழுக்க அடைத்துக் கிடந்தது. கம்பி போனது, பலூன் போனது. குழாய் திறந்த அந்த நொடியில் துடிப்பு சரேலென்று இறங்கியது. ஏழுமலையின் கண் செருகியது. வெளியே, கூட வந்திருந்த கன்னியம்மாவின் குரல் கேட்டது. "ஊசி போடு!" என்று கத்தினேன். ஊசி போன பிறகும் ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு துடிப்பு, இன்னொன்று, அப்புறம் நிற்காமல். திரையில் அடி நுனிவரை ரத்தம் பாய்ந்தது. ஸ்டென்ட் வைத்து முடித்தேன். ஏழுமலை கண்ணைத் திறந்து, முதல் வேலையாகத் தன் வலது கையைப் பார்த்தார். "காப்பு கீதா?" என்றார். "கீதுய்யா, கீது" என்றேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

உனக்குப் போன் செய்தேன். "உன் ஆளு இட்லி கேக்கறாரு" என்றேன். மூக்கு உறிஞ்சுவது கேட்டது. அப்புறம், "சரி சரி, பேஜாரு பண்ணாத, இங்க பேஷண்ட்டுங்க நிக்கறாங்க" என்று வைத்துவிட்டாய். தலைமை மருத்துவர் போகிற வழியில் வரவேற்பில் நின்று, "புதுவாயல் டாக்டர் போன் பண்ணா என்னைக் கேக்க வேணாம், டேபிளை ரெடி பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்ததில்லை.

தீமிதிக்கு முன்பே ஏழுமலை ஊர் திரும்பினார், அறுபடாத காப்போடு. தீ மிதிக்கிறேன் என்று அடம்பிடித்தவரை நீ குறுக்கே நின்று தடுத்தாய், கன்னியம்மா அவருக்காகத் தீ மிதித்தாள். குண்டத்தின் முன்னால் பூசாரி காப்பை அவிழ்த்தபோது ஊரே குலவையிட்டதாம். அதற்கப்புறம் அந்த ஊரில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் சோடாக் கடைக்குப் போகவில்லை, உன்னிடம் ஓடிவந்தார்கள். வருசா வருசம் காப்புக் கட்டும்போதே, "நெஞ்சு வலிச்சா டாக்டரம்மா சொல்ற எடத்துக்குப் போவணும், ஆத்தா உத்தரவு" என்று பூசாரியே அறிவித்தார். எந்தச் சுகாதாரத் துறை இப்படி ஓர் ஆணை போட முடியும் சொல்.

ஆட்கள் வந்தார்கள், நேரத்துக்கு வந்தார்கள், நடந்து வீடு திரும்பினார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுரை எழுதினோம். அதில் உன் பெயரைப் போடுவதற்குத்தான் சண்டை. ரோட்டோரக் கிளினிக் எம்.பி.பி.எஸ். பெயர் எதற்கு என்றார்கள். அவள் பெயர் இல்லையென்றால் என் பெயரும் வேண்டாம் என்று காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். போட்டார்கள். ஐதராபாத்தில் மாநாடு. நான் பேசி முடித்ததும் வடக்கேயிருந்து வந்த பெரிய பேராசிரியர் ஒருவர், நோயாளிகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க எந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ மைக்கைப் பிடுங்கி, ஆங்கிலத்தில், "ஒரு சோடாக் கடை, சார்" என்றாய். அரங்கமே அதிர்ந்தது. மதியச் சாப்பாட்டில் உன்னைச் சுற்றித்தான் கூட்டம், என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அப்படியொரு பெருமை.

இப்போது எங்கள் பக்கத்துக்கே கேத் லேப் வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டிச் சாலையிலேயே நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் இருக்கிறது, ஈசிஜி போனிலேயே படமாக வருகிறது. ஆரணியிலிருந்து வருகிறது, அந்தக் கோடியில் பள்ளிப்பட்டிலிருந்துகூட ஒரு டாக்டர் அனுப்பிவிட்டு, "நாயுடுகாரு ஒருத்தர் மேடம், டப்பு போனாப் போவுது, உயிர் முக்கியம்னு அவரே சொல்லிட்டாரு" என்கிறார். அந்தப் பக்கத்து ஆட்கள் இப்போது யாரைவிடவும் சீக்கிரம் வருகிறார்கள். பழைய தலைமை மருத்துவர் ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "மாத்திட்டீங்கம்மா ரெண்டு பேரும்" என்றார். அப்போது நீ இல்லை.

உனக்குப் புற்று வந்தது. இதயமாக இருந்திருந்தால் நான் விட்டிருப்பேனா? கட்டிலில் படுத்துக்கொண்டும் உன் வாய் சும்மா இல்லை. "உன் டிபார்ட்மென்ட்டு இல்லாத வியாதியா பாத்து வாங்கிக்கினேன். இல்லன்னா என்னையும் புட்ச்சி ரிசர்ச்ல சேத்துடுவ" என்றாய். சிரித்தேன், வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதேன். எனக்கு உன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. கேட்காமல் போய்விட்டாய்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். குழாய் திறந்து, நின்றுபோன ரத்தம் மறுபடியும் இதயத்தின் மேல் பாய்வதைத் திரையில் பார்க்கிறபோது, முகக்கவசத்துக்குள் ஒரு வார்த்தை என் வாயிலிருந்து தானாக வருகிறது. ஒவ்வொரு ஆளுக்கும் வருகிறது. நான் ரத்தக் குழாயோடு பேசுகிறேன் என்று இங்கே இருக்கிற பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல் சிரிக்கவும் செய்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், நான் திருத்தவில்லை. அது உன்னிடம் சொல்வது.

"பாத்தியாடி."